பதினோரு பனை உயரத்தில் மாப்பிள்ளை

பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பதினொன்றே கால் மணிக்கு, கீழளத்து உப்பளத்துக்கு நேர் மேலே பறந்துகொண்டிருந்த சின்ன விமானத்தின் இன்ஜின் இரண்டு முறை இருமி, ஒரு முறை விக்கி, அப்படியே நின்றுபோனது. இன்ஜின் நின்றால் விமானம் விழத்தானே வேண்டும், அது விழவில்லை, டீசல் தீர்ந்த மினிபஸ் ரோட்டோரம் ஒதுங்கி நிற்பதுபோல வானத்தில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தபடி நின்றுகொண்டது.

அதை முதலில் பார்த்தவள் ஜெபக்கனி. அந்த விமானத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று ஒரு வருஷமாக வைராக்கியமாக இருந்தவளும் அவள்தான். அதை ஓட்டிவந்த வைரவன் அவளுக்கு மாப்பிள்ளை முறை, அவள் சம்மதிக்காத மாப்பிள்ளை. காரைக்குடிப் பக்கத்துக்காரன், கல்குவாரி முதலாளி ஒருவரிடம் விமானம் ஓட்டுகிறவன், விமான நிலையத்தில் வேலை பார்த்த அவளுடைய ஒரே மகள் பியூலாவை விரும்பி, பெண் கேட்டு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டவன். சாதி வேறு, சாமி வேறு, அதுதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஜெபக்கனிக்கு அதெல்லாம் பின்னால்தான். அவள் புருஷன் அருள்தாஸ் மழைக்காலத்தில் உப்பளம் படுத்துவிட்டதென்று விசைப்படகில் கூலிக்குப் போனவன். நடுக்கடலில் இன்ஜின் நின்று ஒன்பது நாள் கழித்துப் படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. இன்ஜினை நம்பிப் பிழைக்கிறவனுக்கு மகளைக் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே அவள் மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அதனால்தான் பதிவு அலுவலக வாசலில், மாலையும் கழுத்துமாக நின்ற மகளைப் பார்த்து, நாலு பேர் காதில் விழும்படி அந்த வார்த்தையைச் சொன்னாள்: "உம் புருசனுக்கும் ஒரு நாளு நடுவழியில இன்ஜின் நிக்கும். அன்னைக்கு எங்கிட்ட வந்து அழுவாத."

அதற்குப் பிறகும் வைரவன் விடவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் முதலாளியைக் கூட்டிவரப் போகிறபோது கொஞ்சம் வழி விலகி, கொஞ்சம் தாழ்ந்து, உப்பளத்தின் மேலே ஒரு சுற்று வருவான். பாத்திகளில் நிற்கிற பெண்களெல்லாம் நிமிர்ந்து கையாட்டுவார்கள். ஜெபக்கனி மட்டும் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் ஒதுக்கிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் நிற்பாள். அப்படி ஒரு வருஷம் ஓடியது. அந்தச் செவ்வாய்க்கிழமை, காதில் வாங்கவே கூடாது என்று அவள் வைத்திருந்த அந்தச் சத்தம் திடீரென்று அறுந்ததும், தன்னை அறியாமல் நிமிர்ந்துவிட்டாள். மூக்கு கீழே குத்திச் சரியத் தொடங்கியிருந்த விமானம் அவள் நிமிர்ந்த பிறகுதான் நின்றது என்று பக்கத்துப் பாத்தியில் நின்ற பேச்சித்தாய் பிற்பாடு சொன்னாள். பேச்சித்தாய் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவள் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கீழளத்தார் ரொம்ப அலட்டிக்கொள்ளவும் இல்லை. உப்பைத் தின்று, உப்பில் நின்று, வெயிலில் வெள்ளையாய்க் கண்ணைப் பறிக்கிற பாத்திகளில் இல்லாத கப்பலையும் இல்லாத குளத்தையும் தினம் பார்க்கிறவர்களுக்கு வானத்தில் நிற்கிற விமானம் ஒன்றும் புதுக்கணக்கு இல்லை. கங்காணி தங்கையா வந்து கையை நெற்றிக்குக் குடையாக வைத்துப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது நிழலைப் பற்றித்தான்.

"நெழலு ஏழாம் பாத்தியில விழுதே. அதுல உப்பு எறங்குமா, எறங்காதா?"

"ஒரு உசுரு அங்ஙன தொங்குது, ஒமக்கு உப்பு கேக்குதோ?" என்றாள் பேச்சித்தாய்.

"நானா தொங்க விட்டேன்? பாத்திக்குப் பதில் சொல்லணும்லா" என்று தங்கையா முணுமுணுத்துக்கொண்டே பனையேறியாக இருந்த தன் பழைய கண்ணால் உயரத்தை அளந்து, பதினாலு பனை இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார்.

வைரவன் தனியாகத்தான் இருந்தான். செல்போன் வேலை செய்தது, கீழே எந்தக் காலத்திலும் ஒரு கோட்டுக்கு மேல் காட்டாத சிக்னல் அங்கே முழுசாக இருந்தது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாகவும், முன்னால் இருக்கிற விசிறி பேருக்குக்கூட அசையவில்லை என்றும், பயப்பட வேண்டாம் என்றும் பியூலாவிடம் சொன்னான். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். ஒரு வருஷம் கழித்துச் சொந்த ஊரில் கால் வைத்தவள், வரப்பில் நின்ற தாயைப் பார்த்தாள், தாயும் மகளைப் பார்த்தாள், இரண்டு பேரும் அண்ணாந்து மேலே பார்த்தார்கள். கல்யாண வீடியோ எடுக்கிற சுயம்பு தன் டிரோனில் தண்ணீர் பாக்கெட்டும் இட்லிப் பொட்டலமும் போனுக்குப் பவர் பேங்கும் கட்டி மேலே அனுப்பினான். வைரவன் கதவை ஒரு சாண் திறந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டான். அதைப் பார்த்ததும் ஊரே மூச்சு விட்டது, இனி என்ன, சாப்பாடு போகிறது, ஆள் இருக்கிறான், மெக்கானிக் யாராவது வந்தால் சரியாகிவிடும் என்று.

பிசகு நடந்தது அன்று சாயங்காலம். உபதேசியார் தேவசகாயம் வேதக்கோயில் மணியை அடித்து, சபையாரையும் சபையில் இல்லாதவர்களையும் ஏழாம் பாத்தி ஓரத்தில் கூட்டி, அந்தரத்தில் நிற்கிற மகனுக்காக ஜெபிக்கலாம் என்றார். அம்மன் கோயில்காரர்களும் மரியாதைக்கு வந்து நின்றார்கள். ஜெபக்கனி கூட்டத்தின் கடைசியில், யார் கண்ணிலும் படாமல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று சொல்லி உபதேசியார் கண்ணை மூடினார். சின்ன வயதிலிருந்து கேட்டுப் பழகிய சொல் ஆயிற்றே, முந்நூறு பேரும் ஒன்றாகக் கண்ணை மூடினார்கள். அம்மன் கோயில்காரர்களும், ஒருத்தர் ஜெபிக்கும்போது விழித்துக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது என்று மூடினார்கள். விமானம் விழுந்தது.

பியூலாவின் கையிலிருந்த போனில் வைரவன் அலறிய அலறலில்தான் எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். திறந்த கணத்தில் அது மறுபடி நின்றது. மூன்று பனை கீழே வந்திருந்தது. உபதேசியார் ஆமென் சொல்லவில்லை, அவருடைய தாடை அப்படியே தொங்கிவிட்டது. தங்கையாதான் மெதுவாகச் சொன்னார்.

"கண்ணு பட்டா விழும்னுதான் நாம கேள்விப்பட்டது. இது கண்ணு பட்டுத்தான் நிக்குது."

அதோடு காரணம் பற்றிய பேச்சு முடிந்தது. அடுத்தது முறை போடுகிற பேச்சு. பாத்திக்குத் தண்ணீர் விட முறை உண்டு, கோயிலுக்கு எண்ணெய் ஊற்ற முறை உண்டு, பார்ப்பதற்கும் முறை வந்தது. உப்பு கோடவுனின் கரும்பலகையில் தங்கையா சாக்பீஸால் எழுதினார்: ஒரு முறைக்கு எட்டுப் பேர், இரண்டு மணி நேரம், எட்டில் நாலு பேர் எந்நேரமும் பார்த்தே ஆக வேண்டும், தும்மல் வந்தால் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் தும்ம வேண்டும். இரவு முறைக்கு வருகிறவர்களுக்குக் கடுங்காப்பி. குழந்தைகள், குடித்தவர்கள், புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் முறைக்கு ஆகாது. பலகையில் மற்ற எல்லோர் பெயரும் இருந்தது. ஜெபக்கனி பெயர் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பதிவு அலுவலக வாசலில் அவள் சொன்ன வார்த்தை எல்லோர் வயிற்றிலும் கிடந்தது. அவள் பாட்டுக்கு வாருபலகையை எடுத்துக்கொண்டு தூரத்துப் பாத்திக்குப் போய்க் குனிந்துகொண்டாள். ஆனால் உப்பு இழுபடவில்லை. சொன்னது நான்தானே, நிற்கும் என்று சொன்னேன், நின்றுவிட்டது, கடலில் ஒன்று, வானத்தில் ஒன்று, இரண்டு இன்ஜினையும் நிறுத்தியவள் நான்தான் என்று அவளுக்குள் ஒன்று ஓயாமல் அரற்றியது. அழுகை வந்தது. அழுதால் பார்ப்பவர்கள் நடிப்பு என்பார்கள் என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அதிகாரிகள் வந்தார்கள். தீயணைப்பு வண்டியின் ஏணி ஒன்றரைப் பனைதான் எட்டியது. ஹெலிகாப்டர் கொண்டுவந்தால் அதன் காற்றிலேயே இது குப்புற விழும் என்றார் ஒருவர். இன்னொருவர் படிவத்தை எடுத்து எழுத உட்கார்ந்து, விழுந்தால் விபத்து என்று எழுதலாம், இறங்கினால் தரையிறக்கம் என்று எழுதலாம், நிற்பதற்கு இதில் கட்டம் இல்லையே என்று வெகுநேரம் பேனாவைக் கடித்தார். சாயங்காலம் அவர்களும் இளநீர் குடித்துவிட்டு ஆளுக்கு ஒரு முறை பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை ஊருக்குப் பழகிவிட்டது. ஏழாம் பாத்தி ஓரம் பந்தல் வந்தது, பந்தலுக்குள் டீக்கடை வந்தது. காது குத்துக்கு நாள் குறித்திருந்தவர்கள், மாப்பிள்ளை மேலேயே இருந்தாலும் வந்ததாகத்தானே கணக்கு என்று போனில் அவனுக்கு முறையாக அழைப்புச் சொன்னார்கள். அவனும் கட்டாயம் வருகிறேன் என்றான். அவன் குரல் மட்டும் நாளுக்கு நாள் தேய்ந்தது. பகலில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடுப்பில் வைத்ததுபோல வேகிறது என்றும், கால் மரத்துவிட்டது என்றும், கண்ணை மூடினால் விழுகிற கனவு வருகிறது, விழித்தால் அதற்கு மேல் பயமாக இருக்கிறது என்றும் பியூலாவிடம் மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலையில் மெட்ராஸ் ஐ வந்தது. யார் கொண்டுவந்தது என்று தெரியவில்லை. தோளோடு தோள் உரசி, ஒரே துண்டால் முகத்தைத் துடைத்து, ஒரே குடத்தில் கண்ணைக் கழுவி மூன்று நாள் கூடியிருந்தவர்களுக்கு அது ஒட்டாமல் இருந்தால்தான் அதிசயம். காலையில் நாலு பேர், மதியம் நாற்பது பேர், சாயங்காலம் பாதி ஊர் கண் சிவந்து, இமை வீங்கி, பீளை கட்டித் திறக்க முடியாமல் கிடந்தது. உப்பின் வெளிச்சத்தில் ஏற்கெனவே நொந்த கண்கள் அவை. எட்டுப் பேர் முறை நாலானது, நாலு இரண்டானது. கறுப்புக் கண்ணாடி போட்டால் பார்வை எடுபடுமா என்று ஒரு பெரிய வாக்குவாதம் நடந்து, எடுபடும் என்று முடிவானதில் கொஞ்சம் ஆறுதல். ஆனாலும் சனிக்கிழமை விடிந்தபோது, நாளைக்குப் பார்க்க ஆள் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இன்றைக்கே இறக்கியாக வேண்டும்.

இறக்குகிற வழி ஒன்றுதான். கண்ணை மூடினால் விழும், திறந்தால் நிற்கும். கொஞ்சம் மூடிக் கொஞ்சம் திறந்து, பனை பனையாகக் கீழே கொண்டுவர வேண்டும். முதலில் ஏழாம் பாத்தியின் தண்ணீரை வரப்பை வெட்டி வடிய விட்டார்கள். சேற்றில் சக்கரம் புதைந்தால் விமானம் தலைகுப்புறக் கவிழும் என்பதால், சீசன் தொடங்கும்போது மிதிப்பதுபோல, பெண்கள் வரிசையாக இடுப்பில் கைகோத்து, வலது குதிகால் இடது குதிகால் என்று பாத்தியின் களிமண்ணைச் சிமெண்டுத் தரைபோல ஆகும்வரை மிதித்தார்கள். அதில் மிதிக்க மட்டும் ஜெபக்கனியை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பியூலாவும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஆறு பேர் இருந்தார்கள்.

தங்கையா விசில் ஊதினால் எல்லோரும் மூட வேண்டும், இரட்டை விசிலுக்குத் திறக்க வேண்டும். விசில் ஊதினார். விமானம் அசையவில்லை. இன்னொரு தரம் ஊதினார், அசையவில்லை. மூன்றாவது தரம் ஊதிவிட்டு அவரே ஓரக்கண்ணால் பார்த்தால், கண் திறக்க முடிகிற அத்தனை பேரும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து ஆள் திறக்க மறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொருத்தருக்கும் பயம். யாரைத் திட்டுவது?

"இது கூட்டத்துக்கு ஆவாது" என்றார் தங்கையா. "ஒரே ஒரு ஆளு பாக்கணும். மத்தவன் பூரா வீட்டுக்குள்ள போயி செவுத்தப் பாத்து உக்காரணும்."

யார் அந்த ஒரு ஆள்? பியூலாதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து முன்னால் வந்து அண்ணாந்து, கண்ணை மூடிப் பார்த்தாள். இமை பாதி வரும், திறந்துகொள்ளும். பாதி வரும், திறந்துகொள்ளும். கையால் பொத்தினாலும் விரலிடுக்கைக் கண் தேடியது. அப்படியே உட்கார்ந்து, "எனக்கு முடியலயே, அவுகள விட்டுட்டு எப்பிடிக் கண்ண மூடுவேன்" என்று ஓவென்று அழுதாள்.

அப்போது போனில் வைரவனின் குரல் வந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"பியூலா, அத்தைய விடு. அத்தை பாக்கட்டும்."

தங்கையா விசிலைக் கீழே போட்டுவிட்டார்.

"எந்த அத்தைய?" என்றாள் பியூலா.

"ஒங்க அம்மாவத்தான். ஒரு வருஷமா என்னையப் பாக்காம இருந்து பழகுனவுங்க. கண்ண மூட அவுங்களாலதான் முடியும்."

"எங்கம்மாவா? ஒங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? அவ தொறக்காமலே இருந்துட்டா?"

ஜெபக்கனி அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு அங்கேயேதான் நின்றாள். கணுக்கால்வரை களிமண் அப்பியிருந்தது. ஊரார் சொல்லாமல் வைத்திருந்ததை மகள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், இனி மறைக்க என்ன இருக்கிறது? முன்னால் வந்து மகளின் கையிலிருந்த போனை வாங்கினாள். அவனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எம் மவ கேக்கது சரிதானே. நான் தொறக்காம இருந்துட்டா?"

"தொறப்பீங்க, அத்தை. செவ்வாக்கிழமை சத்தம் நின்னப்ப மொதல்ல தலைய நிமித்துனது நீங்கதான். நான் மேல இருந்து வேற எதப் பாத்தேன்னு நெனைக்கிறீங்க?"

ஜெபக்கனி முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டு, ஏழாம் பாத்தி வரப்பில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

வெயில் உச்சிக்கு வந்து, விமானத்தின் நிழல் மிதித்த தரையின் நட்டநடுவில் விழுந்தபோது மைக்கில் அறிவிப்புச் செய்தார்கள். கீழளத்தார் வீட்டுக்குள் போனார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் போனார்கள், கடற்கரைக்காரர்கள் படகைக் கவிழ்த்து அதற்குள் உட்கார்ந்தார்கள், பஸ்ஸை ஊருக்குத் திரும்புகிற விலக்கிலேயே நிறுத்திப் பயணிகளைக் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். நாய்களைக் கட்டிப் போட்டார்கள். கொக்கு பார்த்தால் கணக்கில் சேருமா என்று யாரோ சந்தேகம் கிளப்ப, கொக்குகளையும் டப்பா தட்டி விரட்டினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. வரப்பில் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். பியூலா வீட்டுக்குள் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பார்க்கமாட்டேன், இங்கேயே இருப்பேன் என்று தாயின் பின்னால் உட்கார்ந்து, அவள் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போன் ஜெபக்கனியின் மடியில் கிடந்தது.

"மூடுங்க" என்றான் வைரவன்.

மூடினாள். காற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு சீறல் கேட்டது. ஒரு வாரு உப்பு இழுக்கிற நேரம், அவ்வளவுதான், அது ஒரு ஆயுசு போலப் போனது. திறந்தாள். நின்றது. பத்துப் பனை.

மூடினாள், திறந்தாள். ஒன்பது. மூடினாள், திறந்தாள். எட்டு. ஒவ்வொரு தரம் மூடும்போதும் கடல் வந்தது. இருட்டில் ஒரு படகு, அதில் ஆள் இல்லை. இமையைத் திறக்கவிடாமல் ஏதோ ஒன்று மேலே உட்கார்ந்து அமுக்கியது, திறந்து பார்த்து அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று அது கேட்டது. அதைத் தள்ளிவிட்டுத் திறந்தாள். ஏழு. ஆறு. முதுகில் மகளின் மூச்சு சுட்டது. ஐந்து. நாலு. விமானத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறை தெரிந்தது. மூன்று. சக்கரத்தின் பட்டை தெரிந்தது. மூடித் திறந்தாள், இரண்டு. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது.

பெண் கேட்டு வாசலில் வந்து நின்றபோதுகூட அவள் அவன் செருப்பைத்தான் பார்த்தாள். இப்போது பார்த்தாள். சின்னப் பையனாக இருந்தான். ஐந்து நாள் தாடி, வெடித்த உதடு, கன்னத்தில் உப்புப் பூத்திருந்தது. பயத்தில் ஒரு கண் துடித்தது. அதையும் மீறி அவளைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்தான், கீழ்வரிசையில் ஒரு பல் கோணலாக இருந்தது. இவனையா? இவனைப் பார்த்தா அப்படிச் சொன்னேன்?

"மூடுங்க, அத்தை."

இமை வரவில்லை.

"அத்தை, மூடுங்க. இன்னும் ரெண்டே பனைதான்."

"முடியல" என்றாள் ஜெபக்கனி. "எனக்கு முடியலய்யா. பாத்துட்டேன். இனி எப்பிடி மூடுவேன்?"

கண் எரிந்தது. காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்த இடது கண்ணில் நீர் கோத்து, விமானம் நீருக்குள் தெரிவதுபோல நெளிந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஒன்றும் தெரியாமல் போகும், அப்போது இரண்டு பனையும் ஒரே விழுகையாக விழும், அது அவளுக்கும் தெரிந்தது, மேலே இருந்தவனுக்கும் தெரிந்தது.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. முதுகில் புதைத்த முகத்தை எடுக்காமலே பியூலா கைகளைச் சுற்றிக் கொண்டுவந்து, தாயின் நெற்றியைத் தடவி, கண்ணைத் தேடி, மெதுவாக மூடினாள். களிமண் மணத்தது. சீறல் கேட்டது.

"தொற" என்றான் வைரவன்.

கைகள் விரிந்தன.

"ஒண்ணரைப் பனை. மூடு. தொற. பியூலா, இப்பிடியே. மூடு. தொற. இன்னும் கொஞ்சம் வெரசா. மூடு, தொற. மூடு, தொற."

மகளின் கைகள் மூடித் திறந்தன, மூடித் திறந்தன. ஜெபக்கனி அந்தக் கைகளின் மேல் தன் கைகளை வைத்துக்கொண்டாள். மூடுவது யார், திறப்பது யார் என்று அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு திறப்புக்கும் அவன் முகம் பெரிதாகியது. ஒரு பனை. அரைப் பனை. ஓட்டு வீட்டு உயரம். "ஒரு ஆள் உயரம்" என்றான். "அவ்வளவுதான், பியூலா. மூடு."

மூடினாள்.

டமார் என்று ஒரு சத்தம், அதன் பின்னால் இரும்பு நெரிபடுகிற சத்தம், எதுவோ சரசரவென்று இழுபட்டு வந்து உப்பில் மோதுகிற சத்தம். மடியில் கிடந்த போன் கொய்ங் என்று ஒரு தரம் கத்திவிட்டு அறுந்தது.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பியூலாவின் கைகள் தாயின் கண்ணை மூடியபடியே இறுகிக் கிடந்தன.

"ஏட்டி, கைய எடு" என்றாள் ஜெபக்கனி.

"நான் எடுக்க மாட்டேம்மா."

"எடுத்தாத்தானே பாக்கலாம்."

"பாக்கப் பயமா இருக்கும்மா."

ஜெபக்கனிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒன்பது நாள் கழித்துப் படகைக் கரைக்கு இழுத்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவள் அவள். பார்த்துவிட்டால் அப்புறம் பார்க்காததாக ஆக்க முடியாது. மகளின் கைகளை அவள் விலக்கவில்லை, இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த இருட்டுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உப்பு நொறுங்கியது. நின்றது. மறுபடி நொறுங்கியது. நடக்க மறந்த கால் வைக்கிற அடி. வந்து வந்து, எதிரில் நின்று, நிற்க முடியாமல் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. பெட்ரோல் நெடியும் வியர்வை நெடியும் முகத்தில் அடித்தன. அடுத்துச் சொன்ன அந்த வார்த்தையை ஜெபக்கனி இதுவரை வாயால் சொன்னதில்லை.

"மாப்ள?"

"ம்."

"கீழ வந்துட்டியளா?"

"வந்துட்டேன், அத்தை."

"காலு தரையிலதான் இருக்கா?"

"தரையிலதான் இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அவன் குனிந்து பார்த்திருக்க வேண்டும். கையால் தொட்டும் பார்த்திருக்க வேண்டும். உப்பு சரசரத்தது.

"உப்பு, அத்தை" என்றான். குரல் உடைந்துவிட்டது. "சுடுது."

அதைக் கேட்ட பிறகுதான் ஜெபக்கனி மகளின் கைகளைத் தன் முகத்திலிருந்து எடுத்தாள்.